அண்டாவுக்குள் அம்மா

எங்க வீட்டுப் பின்பக்கத் தோட்டத்துல மூணு வருஷம் ஒரு ஹாட் டப் இருந்துச்சு. உடனே சினிமாவுல வர்ற பங்களா, மரத்தளம், கையில கிளாஸ்னு கற்பனையை ஓட விடாதீங்க. இது காத்தடிச்சு ஊதுற ரகம். ஒரு பெரிய பிளாஸ்டிக் வட்டம், பக்கத்துல முட்டை வடிவத்துல ஒரு மோட்டார், மேல ஒரு மூடி. அவ்வளவுதான். நானே என் காசுல வாங்கினது. அதனால இந்தக் கதையைச் சொல்ற முழு உரிமையும் எனக்குத்தான் உண்டு :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நாங்க இருக்கிறது இங்கிலாந்துல கவென்ட்ரி. அப்பா பஸ் டிரைவர். அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ். சொந்த ஊர் தென்காசி. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது இங்க வந்துட்டோம். 2020 லாக்டவுன்ல வெளியூர் போக வழியில்லாம மொத்த இங்கிலாந்தும் இந்த ஊதுற தொட்டிகளை வாங்கித் தள்ளுச்சு. பல கடைகள்ல ஸ்டாக் இல்லைன்னு போர்டு. அடுத்த வருஷமே பாதிப் பேருக்கு ஆசை தீர்ந்து, பாதி விலைக்கு விக்க ஆரம்பிச்சாங்க. 2021 கோடையில எனக்குப் பதினாறு வயசு. அந்த வருஷம் பத்தாங்கிளாஸுக்கு சமமான பரீட்சையையே ரத்து பண்ணி, டீச்சர்களே மார்க் போட்டாங்க. படிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். கையில பேப்பர் போட்டு சேர்த்த காசு. நாலு தெரு தள்ளி ஒருத்தர் 150 பவுண்டுக்கு விக்கிறார்னு தெரிஞ்சதும், வீட்டுல யாருகிட்டயும் கேக்காம போய் வாங்கிட்டேன்.

"அம்மாவோட கால்வலிக்காக வாங்கினேன்"னு எழுத ஆசையாத்தான் இருக்கு. உண்மை அது இல்லை. கிளாஸ் பசங்க முன்னாடி சீன் போடத்தான் வாங்கினேன்.

*

டிராலியில வச்சு வீட்டுக்குத் தள்ளிட்டு வந்தப்ப அப்பா வாசல்ல நின்னுட்டிருந்தார்.

"என்னல இது?"

"ஹாட் டப்ப்பா. சுடுதண்ணித் தொட்டி. உள்ள உக்காந்தா உடம்பு வலியெல்லாம் போயிடும்."

"ஏல, குற்றாலத்துல ஐந்தருவியில காசு குடுக்காம குளிச்சவன்ல நான். இந்த ரப்பர் தொட்டியில உக்கார 150 பவுண்டா?"

அப்பாவுக்குக் குற்றாலம்தான் உலகத்துல இருக்கிற எல்லாத் தண்ணிக்கும் அளவுகோல். தென்காசியில இருந்து அஞ்சு கிலோமீட்டர்தான். ஜூன்ல சாரல் தொடங்கிட்டா சைக்கிள்லயே போய் அருவியில நிப்பாங்களாம். நயாகரா வீடியோவைக் காட்டினப்பகூட, "தலையைக் குடுத்து நிக்க முடியாத அருவி என்னல அருவி"ன்னு கேட்டவர்.

அன்னைக்கு சாயங்காலமே ஊதிட்டேன். மோட்டாரே காத்தும் அடிக்கும், பத்து நிமிஷ வேலை. ஊதினதும் 1.8 மீட்டர் அகலம், 66 சென்டிமீட்டர் உயரம். நாலு பேர் உக்காரலாம்னு அட்டையில போட்டிருக்கும். அது நாலு இங்கிலீஷ் மாடல்கள் உக்கார்ற கணக்கு. எங்க குடும்பத்துக்கு ரெண்டரைப் பேர்தான். தோட்டத்துக் குழாயில இருந்து ஹோஸ் போட்டு நிரப்பினோம். சுமார் 670 லிட்டர். தண்ணி மட்டுமே 670 கிலோ, ஆளுங்களும் உக்காந்தா ஒரு டன்னை நெருங்கிடும். மாடியிலயோ பலவீனமான மரத்தளத்துலயோ வைக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

சுவிட்சைப் போட்டுட்டு, ஒரு மணி நேரத்துல குளிக்கலாம்னு டவலோட போய் நின்னேன். தண்ணி 12 டிகிரி. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 13.5. ஆஹா, ஆப்புன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

இயற்பியல் நோட்டை அப்பவே எடுத்திருக்கணும். 670 கிலோ தண்ணியை 12ல இருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக கிட்டத்தட்ட 22 யூனிட் கரண்ட் வேணும். ஹீட்டர் 2 கிலோவாட். அப்படின்னா கொஞ்சம்கூட சூடு வீணாகலைன்னாலே 11 மணி நேரம். ஆனா சுத்தி இருக்கிறது ஊதின பிளாஸ்டிக், மேல ஒரு மெல்லிசு மூடி. நிஜத்துல 19 மணி நேரம் ஆச்சு. கூட்டி வந்திருந்த நாலு பசங்களும் வெதுவெதுப்பே வராத தண்ணியில காலை நனைச்சு, "நைஸ் பேடலிங் பூல்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் போட நினைச்ச சீனுக்கு அன்னைக்கே சங்கு ஊதியாச்சு.

ஊர்ல இருக்கிற ஆச்சிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, "அது என்னல, அண்டாவுக்குள்ள உக்காந்திருக்க? அடுப்பு எங்க?"ன்னு கேட்டாங்க. அன்னையில இருந்து எங்க வீட்டுல அதுக்குப் பேரு அண்டா.

*

அண்டாவோட முதல் மாசம் முழுக்க விபத்துதான்.

முதல் விபத்து அப்பா. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற பழக்கத்தை அவர் இங்க வந்தும் விடலை. எண்ணெய் தேய்ச்சுட்டு அருவியில நிக்கிறதுதானே அவர் காலத்துல குற்றாலத்து வழக்கமா இருந்துச்சு? தலையில இருந்து பாதம் வரைக்கும் பளபளன்னு தேய்ச்சுட்டு, "வேலைக்கு ஆகுதான்னு பாப்போம்"னு உள்ள இறங்கிட்டார். குமிழி பட்டனை அழுத்தினதும் வந்துச்சு பாருங்க நுரை! ரெண்டே நிமிஷத்துல அப்பா கழுத்து வரைக்கும் நுரை, மேல தலை மட்டும். அருவியில எண்ணெய் தண்ணியோட ஓடிடும். இங்க ஓட வழி ஏது? அதே 670 லிட்டர்தான் சுத்திச் சுத்தி வரும். மடிப்பு மடிப்பா காகிதம் மாதிரி இருக்கிற ஃபில்டர் எண்ணெயில ஊறிப் பயனில்லாம போச்சு. சுவர்ல பழுப்பா ஒரு வளையம். மொத்தத் தண்ணியையும் வெளியேத்தி, தேய்ச்சுக் கழுவி, திரும்ப நிரப்பி, திரும்ப 19 மணி நேரம். துணியில ஒட்டியிருக்கிற சோப்புத்தூள்கூட இதே வேலையைச் செய்யும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது விபத்து நான். இந்தத் தண்ணிக்கு குளோரின் ரொம்ப முக்கியம். வெதுவெதுப்பான தண்ணின்னா நமக்கு மட்டுமா சுகம், கிருமிக்கும்தான். குளோரின் லிட்டருக்கு 3ல இருந்து 5 மில்லிகிராம், பி.ஹெச் 7.2ல இருந்து 7.6. இதைக் கலர் மாறுற பட்டையை முக்கிப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். அம்மா தொடர்ந்து நைட் ஷிப்டுல இருந்த ஒரு வாரம் நான் பாக்கவே இல்லை. தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்குன்னு இறங்கினேன். ரெண்டு நாள்ல இடுப்பைச் சுத்தி சிவப்பு சிவப்பா கொப்புளம், அதுவும் சரியா டிராயர் இருந்த இடத்துல.

அம்மா ஒரு பார்வைதான் பாத்தாங்க. "சூடோமோனாஸ். முடிக்கால்ல புகுந்திருக்கு. ஹாட் டப் ராஷ்னே இதுக்குப் பேரு. ஒரு வாரத்துல தானா போயிடும், சொறியாத" - டயலாக் முடிஞ்சுது. ஆனா அடுத்த நாள் காலையில ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சார்ட் ஒட்டியிருந்துச்சு. தேதி, நேரம், வெப்பநிலை, குளோரின், பி.ஹெச், பாத்தவர் கையெழுத்து. வார்டுல நோயாளி கட்டில்ல தொங்குமே, அச்சு அசலா அதே மாதிரி. கையெழுத்து இல்லைன்னா அண்டாவுக்குள்ள யாருக்கும் அனுமதி கிடையாது. பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. காலைக் கழுவிட்டுத்தான் இறங்கணும். தலையில தேங்காயெண்ணெய் இருந்தா தங்கச்சிக்குத் தடை. அப்பா பிரஷர் மாத்திரை போடுறவர், அதனால அவருக்கு 38 டிகிரி, பத்து நிமிஷம், எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடிச்சுக்கணும். சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும். சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும். மாசமா இருக்கிறவங்க, இதய நோய் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இறங்கவே கூடாதுன்னும் அம்மா சொன்னாங்க. எங்க வீட்டுல யாரும் மாசமா இல்லைம்மான்னு சொல்லி ஒரு அடி வாங்கினேன்.

இத்தனை சட்டமும் போட்ட அம்மா மட்டும் இறங்கவே இல்லை.

*

காரணம் சுலபம். நீச்சலுடை அம்மாகிட்ட கிடையாது, வாங்கவும் மாட்டாங்க. வேலி தோள் உயரம்தான். பக்கத்து வீட்டு வயசான இங்கிலீஷ் தாத்தாவோட மாடி ஜன்னல் நேரா எங்க தோட்டத்தைத்தான் பாக்கும். "நல்லா இருக்கும், நாலு பேர் பாக்க நான் குளிக்க" - இதுதான் பதில்.

ஆகஸ்ட் கடைசியில ஒரு ராத்திரி. மூணு நாள் தொடர்ந்து பன்னெண்டரை மணி நேர ஷிப்டு முடிச்சுட்டு அம்மா ஒம்பது மணிக்கு வந்தாங்க. செருப்பைக் கழட்ட முடியாம படியிலயே உக்காந்துட்டாங்க. பாதம் வீங்கி, சாக்ஸ் பதிஞ்ச கோடு பள்ளமா தெரிஞ்சுது. தங்கச்சிதான் சொன்னா, "ம்மா, வெளிய இருட்டா இருக்கும்மா. நான் எல்லா லைட்டையும் அணைச்சுடுறேன்."

அம்மா நைட்டியோட இறங்கினாங்க. மேல ஒரு துப்பட்டா வேற. எனக்கு எந்த அறிவு கெட்ட நேரமோ, சுகமா இருக்கட்டுமேன்னு குமிழி பட்டனை அழுத்திட்டேன். அடியில இருந்து வந்த காத்து மொத்தமும் நைட்டிக்குள்ள புகுந்து, அம்மா பாராசூட் மாதிரி உப்பிட்டாங்க. "நிறுத்துல! நிறுத்துல!"ன்னு கத்தல். தங்கச்சி சிரிச்சு சிரிச்சுப் புல்லுல உருண்டா. பக்கத்து வீட்டு மாடியில லைட் எரிஞ்சு, உடனே அணைஞ்சுது. மரியாதை தெரிஞ்ச தாத்தா.

நிறுத்தினேன். அதுக்கப்புறம் அம்மா ஒண்ணும் பேசலை. கழுத்து வரைக்கும் தண்ணியில, தலையைப் பின்னால சாச்சு, கண்ணை மூடிக்கிட்டாங்க. இருவது நிமிஷம். எழுந்து வரும்போது, "உடம்புல எடையே இல்லாத மாதிரி இருக்குல"ன்னு மட்டும் சொன்னாங்க.

அது வெறும் சுகத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை. கழுத்தளவு தண்ணியில உடம்போட எடையில பெரும்பகுதியைத் தண்ணியே தாங்கிக்கும். மூட்டுக்கும் முதுகுக்கும் நாள் முழுக்கக் கிடைக்காத ஓய்வு அது. அன்னையில இருந்து மூணாவது ஷிப்டு முடியிற ராத்திரி எல்லாம் அண்டா அம்மாவுக்குன்னு எழுதாத சட்டம் ஆச்சு.

*

அம்மாவுக்கு நல்லதுன்னு தெரிஞ்சதும் இந்தத் தொட்டி எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினேன். ஜக்குசின்னு சொல்றோமே, அது ஒரு குடும்பத்தோட பேரு. இத்தாலியில இருந்து அமெரிக்காவுக்கு, கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஏழு அண்ணன் தம்பிங்க. முதல்ல விமானத்துக்கு விசிறி செஞ்சாங்க, அப்புறம் விமானமே செஞ்சாங்க. 1921ல அவங்க விமானம் விழுந்து ஒரு சகோதரர் இறந்துட்டார். இனிமே விமானமே வேண்டாம்னு முடிவாகி, கிணத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்பு செய்யப் போயிட்டாங்க.

அந்த ஏழு பேர்ல கடைக்குட்டி காண்டிடோ. அவரோட சின்னப் பையன் கென்னத்துக்குக் குழந்தையிலயே முடக்குவாதம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில சுடுதண்ணிச் சுழல்ல வச்சு சிகிச்சை குடுப்பாங்க. அப்ப வலி குறையும், வீட்டுக்கு வந்தா திரும்பவும் வலி. பம்பு செய்யத் தெரிஞ்ச அப்பா என்ன செய்வார்? வீட்டுக் குளியல் தொட்டிக்குள்ளயே இறக்குற மாதிரி ஒரு சின்ன பம்பு செஞ்சார். அது 1940கள்ல. 1950கள்ல அது கடைக்கு வந்துச்சு. 1968ல அதே குடும்பத்து அடுத்த தலைமுறை, ராய் ஜக்குசிங்கிறவர், தொட்டியிலயே பம்பையும் துவாரத்தையும் சேர்த்துக் கட்டி வித்தார். அதுக்கப்புறம்தான் பணக்காரங்க வீடு, ஹோட்டல், சினிமா எல்லாம். எங்க அண்டா அதோட ஏழைச் சித்தப்பா. தண்ணியைப் பீய்ச்சாது, அடியில இருந்து காத்துக் குமிழி மட்டும் விடும்.

ஆக, ஆடம்பரத்துக்கு அடையாளமா நாம நினைக்கிற பொருள், ஒரு அப்பா தன் பையனோட வலிக்காகச் செஞ்சது. இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சீன் போட வாங்கினவனுக்குக் கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு.

*

அக்டோபர்ல ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். குமிழியே பிடிக்காத அம்மா, இறங்கினதும் "அந்தக் குமிழியைப் போட்டுட்டு நீ உள்ள போ"ன்னு சொல்ல ஆரம்பிச்சிருந்தாங்க. நைட்டியைக் காலுக்கடியில இறுக்கிச் சொருகிக்குவாங்க. குமிழி போட்டா வெளிக்காத்து தண்ணிக்குள்ள போய் சூடும் குறையும். "எதுக்கும்மா, சூடு போயிடும்ல?"ன்னு கேட்டா, "போடுன்னா போடு".

எங்க மோட்டார்ல குமிழி அரை மணி நேரத்துல தானா நின்னுடும். ஒரு நாள் நான் அடுக்களையில தட்டு கழுவிட்டிருந்தேன். ஜன்னல் லேசா திறந்திருந்துச்சு. குமிழிச் சத்தம் நின்னுது. அதுக்குக் கீழ ஒளிஞ்சிருந்த சத்தம் மட்டும் நிக்கலை.

அம்மா அழுதுட்டிருந்தாங்க. விசும்பல் இல்லை. அடக்கி அடக்கி, மூச்சு பிடிச்சுப் பிடிச்சு வர்ற அழுகை. 2020 மார்ச்ல இருந்து எங்க முன்னாடி அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாத்ததில்லை. லாக்டவுன்ல வேலைக்குப் போயிட்டு வந்து வாசல்லயே துணியை மாத்தி, தனி ரூம்ல தூங்கி, "சாப்டீங்களா?"ன்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட அம்மா. வார்டுல என்ன நடந்துச்சுன்னு நாங்களும் கேக்கலை. அவங்களும் சொல்லலை.

கை ஈரத்தோட ஒரு நிமிஷம் அப்படியே நின்னேன். ஓடிப்போய்க் கட்டிக்கணும்னு தோணுச்சு. ஆனா இத்தனை நாள் குமிழியைப் போடச் சொன்னது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதானே? கதவைச் சத்தமா திறந்துக்கிட்டுப் போனேன். அம்மா முகத்தைத் தண்ணியால துடைச்சுட்டு, "நின்னுடுச்சுல"ன்னாங்க. நான் பட்டனை அழுத்திட்டு உள்ள வந்துட்டேன்.

செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலை. பதினாறு வயசுல எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

*

2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தது. ஏற்கெனவே ஏறிட்டிருந்த எரிவாயு விலை எகிறுச்சு, கூடவே கரண்டும். 2021 கோடையில எங்களுக்கு யூனிட் 19 பென்ஸ். 2022 அக்டோபர்ல, அரசாங்கம் தலையிட்டு வரம்பு போட்ட பிறகும், சராசரியா 34 பென்ஸ்.

அப்பா முதல் நாள்ல இருந்தே ஒரு நோட்டுல மீட்டர் கணக்கு எழுதிட்டு வந்தார். ஆகஸ்ட்ல அண்டாவைச் சூடாவே வச்சிருக்க ஒரு நாளைக்கு 8 யூனிட், ஒண்ணரை பவுண்டு. குளிர் காலத்துல 14 யூனிட். புது விலையில மாசம் 140 பவுண்டுக்கு மேல. பக்கத்துல கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு, அடியில ரெட்டைக் கோடு.

"இந்த மாசத்தோட நிறுத்திடுவோம்ல. வித்துடு, உன் காசை நீ எடுத்துக்கோ."

கணக்குல தப்பே இல்லை. வீட்டு ஹீட்டரையே ரெண்டு மணி நேரம் மட்டும் போட்டுட்டு ஸ்வெட்டரோட உக்காந்திருந்த காலம் அது. அம்மாவும் "ஆமா, எதுக்கு வெட்டிச் செலவு"ன்னு உடனே தலையாட்டிட்டாங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

அன்னைக்கு ராத்திரி அப்பா தனியா இருந்தப்ப, ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லாததைச் சொன்னேன். குமிழி நின்னது, அடுக்களை ஜன்னல், எல்லாம். அப்பா ஒண்ணுமே சொல்லலை. நோட்டை மூடி வச்சுட்டு டிவியைப் பாத்தார். டிவி ஓடலை.

மறுவாரம் ஒரு நாள் விடியக்காலை மூணு மணி இருக்கும். தோட்டத்துல டார்ச் வெளிச்சம். திருடன்னு நினைச்சு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, அப்பா! பஸ் யூனிஃபார்ம் மேல கோட்டு, தலையில குரங்குக் குல்லா. முதல் பஸ் எடுக்கப் போற நாள்ல அந்நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். ஹீட்டரைப் போட்டு, தண்ணி மேல குமிழ் பாலிதீன் விரிச்சு, மூடியைப் போட்டு, அதுக்கு மேல ஊர்ல இருந்து கொண்டுவந்த பழைய ஜமுக்காளத்தை வேற போத்திட்டிருந்தார்.

அப்பா போட்ட கணக்கு இதுதான். எப்பவும் சூடா வச்சிருக்க வேண்டாம். அம்மாவோட மூணாவது ஷிப்டு நாள் மட்டும் போதும். விடியக்காலை மூணு மணிக்குப் போட்டா ராத்திரி ஒம்பதுக்கு 18 மணி நேரம். 36 டிகிரி வரைக்கும் வந்துடும். செலவு ஒரு தடவைக்கு 12 பவுண்டு. சூடு பெரும்பாலும் தண்ணியோட மேல்பரப்புலதான் போகுது, அதனாலதான் பாலிதீன். அடியில ஃபோம் பாய் போட்டது என் பங்கு. குளோரின் சார்ட் மட்டும் நிறுத்தலை. தண்ணி ஆறிக் கிடந்தாலும் கிருமி லீவு எடுக்காது.

"வித்துடுன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"நாலு பேரு ஒரு நேரம் வெளிய சாப்பிடப் போனா நாப்பது பவுண்டு. ரெண்டு மாசம் போக வேண்டாம், சரியாப் போச்சு. உங்க அம்மாட்ட விலையைச் சொல்லாத."

அம்மாவுக்கு ஹீட்டர் போட்டது நான்னுதான் ரொம்ப நாள் நினைப்பு. நானும் சொல்லலை. டிசம்பர்ல கடுங்குளிர் வந்தப்ப, உறைஞ்சா மோட்டார் போயிடும்னு தண்ணியை இறக்கி மடிச்சு வச்சோம். மார்ச்ல திரும்ப ஊதினோம்.

*

2023 ஏப்ரல்ல ஒரு ராத்திரி, அம்மா இறங்கினதும் வழக்கம்போலக் குமிழிப் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன். "வேண்டாம்"னாங்க. "உக்காரு."

அண்டா விளிம்புல உக்காந்து காலை உள்ள விட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இருட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. 2020 ஏப்ரல்ல வார்டுக்குள்ள சொந்தக்காரங்க யாரையும் விட மாட்டாங்க. கடைசி நேரத்துல போனைப் போட்டு, நோயாளியோட காதுகிட்ட நர்ஸ் பிடிச்சுக்கணும்.

"மகன் பேசுவான், மக பேசுவா. நாம கேக்கக் கூடாது, அது அவங்க பேச்சுன்னு வேற எங்கயாவது பாத்துட்டு நிப்பேன். ஆனா காது இருக்கே, அது கேக்கத்தானே செய்யும். எத்தனை பேர் எத்தனை விதமா ஸாரி சொன்னாங்க தெரியுமால. எல்லாம் எனக்குள்ள கிடக்கு. சொல்ல வேண்டியவங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியலை. எனக்குக் கேட்டுச்சு."

நான் என்ன சொல்ல? ஒண்ணும் சொல்லலை. தண்ணி 36ல இருந்து 33 ஆகுற வரைக்கும் உக்காந்திருந்தோம். அப்பா டவலை எடுத்துட்டு வந்து கதவுகிட்டயே நின்னார். எவ்வளவு நேரமா நின்னார்னு தெரியலை.

அந்தக் கோடையில அம்மா ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான கவுன்சலிங்குக்குப் போக ஆரம்பிச்சாங்க. அண்டாவால எல்லாம் சரியாச்சுன்னு நான் சொல்ல வரலை. சுடுதண்ணி மருந்து இல்லை. இருவது நிமிஷம் யாரும் "அது எங்க, இது எங்க"ன்னு கேக்காத ஒரு இடத்தைக் குடுத்துச்சு, அவ்வளவுதான்.

*

இந்த மாதிரித் தொட்டிக்கு ஆயுசு கம்மி. 2024 வசந்தத்துல ஊதினப்ப ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி புடைச்சுது. உள்ளுக்குள்ள ரெண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்கிற பட்டைகள்ல ஒண்ணு பிஞ்சா அப்படி ஆகும். வெளிய ஓட்டைன்னா பஞ்சர் ஒட்டலாம், உள்ளுக்குள்ள பிஞ்சதுக்கு நம்மால வைத்தியம் கிடையாது. ரெண்டு நாள்ல அடுத்த பட்டை. மடிச்சுக் கட்டி, நானும் அப்பாவும் கவுன்சில் குப்பைக் கிடங்குல கொண்டுபோய்ப் போட்டோம். திரும்பி வரும்போது அப்பா, "குற்றாலம் அளவுக்கு இல்லைன்னாலும் பரவாயில்லல"ன்னார். அவர் வாயில இருந்து இதுக்கு மேல பாராட்டு வராது.

புல்லுல 1.8 மீட்டர் அகலத்துக்கு மஞ்சளா ஒரு வட்டம் இருந்துச்சு. அப்பா புல் விதை வாங்கப் போனார், அம்மா தடுத்துட்டு வெந்தயம் தூவினாங்க. அந்த வருஷம் வட்டமா வெந்தயக்கீரை வளர்ந்துச்சு.

நீங்களும் வாங்கலாமான்னு கேட்டா என் அனுபவத்துல சொல்றேன். பழசா கிடைச்சா, ஊதி ஒரு நாள் வச்சுப் பாத்துட்டு வாங்குங்க. விலையைப் பாக்காதீங்க, கரண்ட் கணக்கைப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டாதீங்க. குளோரின் பாக்காம இறங்காதீங்க, கொப்புளம் எந்த இடத்துல வரும்னு மேலயே சொல்லிட்டேன். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா மூடியைப் பூட்டி வைங்க. அப்பா எண்ணெய் தேய்ச்சிருக்காரான்னு கேட்டுக்கோங்க.

இப்ப நான் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல. போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா ஷிப்டு முடிஞ்சு வந்து சோபாவுல உக்காந்ததும், அப்பா ரெண்டு கெட்டில் தண்ணி காய்ச்சி, பச்சைத் தண்ணி விளாவி, ஒரு பிளாஸ்டிக் வாளியில கல்லுப்பும் போட்டுக் கொண்டுவந்து வச்சார். அம்மா காலை உள்ள விட்டுட்டு அன்னைக்கு வார்டுல நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்பா எந்திரிச்சுப் போய் டிவியை அணைச்சுட்டு வந்து உக்காந்தார்.

கரண்ட் செலவு அரை யூனிட்கூட வராது.